மேகமலை வாவல்

உலகில் வாழும் உயிர்களுள் சில மக்களால் விரும்பிப் பாராட்டப்பெறுவன, சில அஞ்சப்பெறுவன, வேறு சில தக்க காரணமின்றியே வெறுக்கப்பெறுவன. மயிலும் மானும் முதல் வகையின. புலியும் பாம்பும் இரண்டாம் வகையின. வௌவாலோ மூன்றாம் வகையினது. பாழ்மண்டபத்தையும் இருண்ட கோபுரத்தையும் உறைவிடமாகக் கொண்டமையாலும், இரவில் இயங்குதலாலும், தலைகீழாய்த் தொங்குதலாலும் இவ்வுயிர் மக்கள் உள்ளத்தில் ஓர் அருவருப்பை விளைத்துவிட்டது. வௌவால் வீட்டுக்கு விருந்து சென்றால் நாமும் தொங்க வேண்டியதே என்று நம்மவர் நகைத்துரைப்பதும் உண்டு. வேதாகமத்துள் லேவியராகமம் 11ஆம் அதிகாரத்திலும் உண்ணத்தகாத பறவைகளின் வரிசையில் இறுதியாக வைத்தெண்ணப்பட்டது வௌவாலே ஆகும்.

ஆயினும் நம் முன்னோர் இவ்வுயிரை வெறுத்தொதுக்கினாரல்லர். சங்கப் புலவர் இதனை ‘வாவல்’ என வழங்கினர். வாவுதல் என்பது தாவுதல் எனப் பொருள்படுவதால், அவ்வினையினின்றே இப்பெயர் பிறந்ததென்பர். நற்றிணையின் 87ஆம் பாட்டில், ஊர் நடுவே நின்ற மாமரத்தின் உயர்ந்த கிளையில் துயிலும் வாவல் ஒன்று, சோழர்க்குரிய அழிசி என்பானது பெருங்காட்டில் தான் சுவைத்த நெல்லியின் புளிப்பைக் கனவிற் காண்கின்றது. தலைவனுடைய கடற்றுறையைக் கனவிற் கண்ட தலைவியின் நிலைக்கு அவ்வாவலின் கனவு உவமையாயிற்று. குறுந்தொகையின் 352ஆம் பாட்டிலோ, ஆம்பலிலையின் புறம்போன்று மென்மையான சிறகுடைய வாவல், பகலெல்லாம் தான் தங்கியிருந்த முதுமரம் தனிமையுறும்படி, மலைச்சாரலிலுள்ள பலாவை நாடிச் செல்லும் மாலைப்பொழுது பேசப்படுகின்றது. இவ்விரு பாட்டுக்களையும் நோக்குமிடத்து, அப்புலவர் மூன்று உண்மைகளை நன்குணர்ந்திருந்தமை விளங்கும். இவ்வகை வாவல் பழம் உண்பது. பகலில் ஒரு மரத்தில் தங்கி இரவில் நெடுந்தொலைவு சென்று மீள்வது. காட்டையும் ஊரையும் தன் பறப்பால் இணைப்பது. இற்றை நாள் உயிர்நூலார் பழவௌவாலைப் பற்றிக் கூறுவனவற்றின் அடிப்படையும் இம்மூன்றே. அத்தகைய பழவௌவால்களுள் ஒன்றாகிய மேகமலை வாவலின் வரலாற்றையும் வாழ்க்கையையும், அதனைக் காக்கவேண்டிய கடமையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வௌவாலின் இனம் இன்னதென அறிதல் வேண்டும். சிறகு பெற்றிருப்பினும் வௌவால் பறவையன்று. குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கே. அதன் சிறகென்பது நீண்டு வளர்ந்த கைவிரல்களுக்கிடையே விரிந்த மெல்லிய தோலாகும். பாலூட்டிகளுள் உண்மையாகவே பறக்கவல்லது இஃதொன்றே. இதன் கண் 1,400க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலன பூச்சிகளை உண்டு வாழும் சிற்றுடலின. நம் மொழியில் வௌவால் வகையைக் குறிக்கும் ‘துரிஞ்சில்’ என்னும் சொல்லும் உண்டு. ஏசாயா ஆகமத்தைத் தமிழாக்கியோர் அச்சொல்லை ஆண்டிருக்கின்றனர். பழமும் பூந்தேனும் உண்ணும் குடும்பத்தைச் சேர்ந்தன ஏறத்தாழ 200 இனங்களாகும். பூச்சியுண்ணும் வௌவால் தான் எழுப்பும் நுண்ணொலியின் எதிரொலியைக் கேட்டே இருளில் வழியறியும். பழவௌவால்களோ, நாவைச் சொடுக்கி ஒலியெழுப்பும் ஒருசில குகைவாழ் இனங்கள் நீங்கலாக, அவ்வாற்றல் பெற்றில. பெரிய கண்களின் பார்வையும் கூரிய மோப்பமுமே அவற்றுக்குத் துணை. வௌவாலுக்குக் கண் தெரியாது என்னும் உலகவழக்குப் பொய்யுரை என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. மேகமலை என்பது தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்கே, மேற்குத்தொடர்ச்சி மலையினின்று கிளைத்தெழுந்த ஒரு மலைத்தொகுதி. ஆங்கிலேயர் இதனை ‘ஹை வேவிஸ்’ என்றழைத்தனர். மழைமேகம் சூழ்ந்த பசுமைமாறாக் காடுகளும், அவற்றை அழித்து அமைத்த தேயிலைத் தோட்டங்களும், காப்பி ஏலத் தோட்டங்களும் அங்கு அடுத்தடுத்து விளங்குகின்றன. 1948ஆம் ஆண்டில், அம்மலையில் தோட்டத்துரையாகவும் இயற்கை ஆராய்ச்சியில் ஈடுபாடுடையவராகவும் வாழ்ந்த ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழவௌவாலைப் பிடித்துப் பதப்படுத்தினார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தொகுப்பிற் சேர்ந்தது. அங்கு அதற்குக் குறுமூக்குப் பழவௌவால் என்னும் பெயர்ச்சீட்டு அமைந்தது. குறுமூக்குப் பழவௌவாலாவது, நம் ஊர்த் தோப்புக்களிலும் பனைமரங்களிலும் சாதாரணமாகக் காணப்படுவது. ஆகவே அரியதோர் உயிர், எங்கும் காணப்படும் எளிய உயிரின் பெயரைத் தாங்கி, இருபதாண்டுகளுக்கு மேலாக ஒரு பெட்டியுள் கிடந்தது.

பின்னர்ச் சயாம் நாட்டவராகிய கிட்டி தொங்லோங்யா என்னும் விலங்கியற் புலவர் அத்தொகுப்பை ஆராயும்போது அப்பெயரின் பிழையைக் கண்டார். குறுமூக்குப் பழவௌவாலுக்குச் சிறு வால் உண்டு. இதற்கு வெளியே தோன்றும் வால் இல்லை. அதன் செவிக்கு வெளிறிய விளிம்பு உண்டு. இதன் செவிக்கு அவ்விளிம்பு இல்லை. அதற்கு மேலும் கீழும் இவ்விரண்டு இணை முன்பற்கள். இதற்கோ ஒவ்வோர் இணையே. இவ்வேறுபாடுகள் புதிய இனம் ஒன்றை நிறுவுவதோடு அமையாது, புதிய பேரினம் ஒன்றையே வகுக்கவேண்டுமளவு பெரியனவாயிருந்தன. எனவே 1972ஆம் ஆண்டில் அவர், அகன்ற பல்லுடையது எனப் பொருள்படும் ‘லாட்டிடென்ஸ்’ என்னும் பேரினப் பெயரை அமைத்து, இந்தியப் பறவை நூற்பேரறிஞராகிய சலீம் அலி அவர்களின் பெயரை இனப்பெயராக இணைத்தார். அப்பேரினத்தில் இவ்வோர் இனத்தையன்றி வேறொன்று இன்றளவும் அறியப்படவில்லை. தொங்லோங்யா 1974ஆம் ஆண்டில் இயற்கையெய்தினார். அவ்வாண்டிலேயே, வௌவால்களுள் மிகச் சிறியதாகச் சயாமிற் கண்டறியப்பட்ட இனத்திற்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. பிறர் பெயரை ஒரு வௌவாலுக்கு வழங்கியவர் தம் பெயரை மற்றொரு வௌவாலின்கண் விட்டுச் சென்றார்.

பெயர் பெற்ற பின்னரும் அவ்வுயிரை உயிருடன் கண்டார் எவருமிலர். ஹட்டன் பிடித்த ஒன்றே அவ்வினத்திற்குச் சான்றாயிருந்தது. 1993ஆம் ஆண்டில்தான் பால் பேட்ஸ் முதலியோர் அதனை மீண்டும் கண்டறிந்தனர். அதற்குப் பின்னர்த் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர் இம்முயற்சியில் சிறந்து நின்றனர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினர் இவ்வினம் பகலில் தங்கும் குகையைக் கண்டு அதன் வாழ்க்கையை ஆராய்ந்தனர். திருநெல்வேலிச் சீமையில் களக்காடு முண்டந்துறைக் காட்டிலும், கேரளத்துப் பெரியாற்றுக் காட்டிலும் இது வாழ்வது தெரியவந்தது. எனினும் மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் ஒருசில இடங்களையன்றி உலகில் வேறெங்கும் இது காணப்பட்டிலது.

இனி இதன் உருவத்தையும் வாழ்க்கையையும் நோக்குவோம். இது நடுத்தர அளவினது. தலையும் உடலும் சேர்ந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளமும், முன்கை ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நீளமும் உடையது. தலைமயிர் கருமை கலந்த பழுப்பு, வயிற்றுப்புறம் சாம்பல் கலந்த பழுப்பு, சிறகுத்தோல் இளம்பழுப்பு. பகற்பொழுதில் மலைக்குகைகளிலும் பாறையிடுக்குகளிலும் சிறு கூட்டமாகத் தங்கும். மாலை மங்கி இருள் சூழ்ந்தபின் வெளிப்பட்டு இரைதேடும். காட்டத்தி வகைகளின் பழமும், உருத்திராக்க மரத்திற்கு இனமாகிய காட்டுமரங்களின் பழமும், இலுப்பைக் குடும்பத்து உயர்மரங்களின் பழமும் இதற்கு உணவாகும். காட்டில் எல்லா மரமும் ஒரே காலத்துப் பழுப்பதில்லை. ஒன்று ஓய ஒன்று பழுக்கும் பல்வேறு மரங்கள் ஒருங்கே நின்றாலன்றி ஆண்டு முழுதும் இதற்கு உணவு கிட்டாது. ஆதலின் ஓரிரு மரங்களை விட்டுவைத்து ஏனையவற்றை வெட்டிவிட்டு, வாவலுக்கு மரம் உண்டே என்று கூறுதல் பொருந்தாது.

பழவௌவால்கள் பழத்தை உண்ணும் முறை அறியத்தக்கது. பழுத்த மரத்தில் நெடுநேரம் அமர்ந்திருப்பின் பகையினால் இடர் நேருமாதலின், பலவேளைகளில் அவை ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு சிறிது தொலைவிலுள்ள வேறொரு மரத்திற்குச் செல்கின்றன. அங்குத் தொங்கிக்கொண்டு பழத்தை மென்று சாற்றை விழுங்கிச் சக்கையை உருட்டி உமிழ்கின்றன. பெரிய விதைகள் அம்மரத்தடியில் விழுகின்றன. அத்திப்பழத்தின் நுண்விதைகளோ சாற்றுடன் வயிற்றினுட் சென்று, நெடுநேரம் தங்காது, பறக்கும்போதே கழிவுடன் வெளிப்பட்டு நிலமெங்கும் சிதறுகின்றன. பறவைகள் பெரும்பாலும் கிளையில் அமர்ந்தே கழிக்குமாதலின், அவை கொணரும் விதை மரநிழலில் வீழும். வௌவால் திறந்தவெளியைக் கடந்து பறக்கும்போதே கழித்தலால், காடழிந்த வெற்றிடத்திலும் விதை வீழும். ஒரு விதை தாய்மரத்தின் நிழலிலேயே வீழ்ந்தால் ஒளியின்றி நலியும். தொலைவில் வீழ்ந்தாலன்றோ தழைக்கும்? ஆதலின் காட்டை விதைக்கும் உழவருள் பழவௌவாலும் ஒன்றென்பது மிகையன்று. கூலி பெறாமலும், பகலிற் காணப்படாமலும் அவ்வுழவு நடைபெறுகின்றது. இஃதன்றியும், இலுப்பை முதலாக இரவில் மலரும் மரங்கள் சிலவற்றின் பூந்தாதைப் பழவௌவால்கள் மலர்தோறும் கொண்டுசேர்த்துக் காய்ப்புக்குத் துணைபுரிகின்றன.

மேகமலையையும் வருசநாட்டு மலையையும் போர்த்திருக்கும் காடே வையையின் நீர்வளத்திற்கு அடிப்படை. மழைநீரைத் தாங்கி வைத்துச் சிறிது சிறிதாக விடுவது அக்காட்டின் மண்ணும் வேருமாகும். காடு நிலைபெற விதை பரவவேண்டும். விதை பரவப் பழமுண்ணும் பறவையும் குரங்கும் வாவலும் வாழவேண்டும். மதுரையில் ஒரு வீட்டில் குடம் நிறைவதற்கும், எங்கோ ஒரு குகையில் ஒரு வாவல் கண்விழித்து எழுவதற்கும் தொடர்புண்டு என்றால் அதனை வெறும் கற்பனையென்று தள்ளுதற்கில்லை.

இனி இவ்வினத்திற்கு நேர்ந்துள்ள இடர்களைக் கூறுவேம். முதலாவது, காடு குறைதல். தேயிலை வெயிலை வேண்டுவதாகலின், அதனை நடுவோர் காட்டுமரங்களை அறவே நீக்குகின்றனர். காப்பியும் ஏலமும் நிழலை வேண்டுவன. அத்தோட்டங்களில் காட்டுமரங்கள் ஓரளவு நிற்கின்றன. மேகமலையில் காப்பித் தோட்டமும் ஏலத்தோட்டமும் அடுத்த காடுகளில் இவ்வினம் வாழ்தல் கண்டறியப்பட்டிருப்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது. எனினும், அங்கும் பழம்தரும் பழைய மரங்களை நீக்கி விரைந்து வளரும் அயல்நாட்டு மரங்களை நிழலுக்காக நட்டால், நிழல் இருக்கும், உணவு இராது.

இரண்டாவது, வேட்டை. வௌவாலின் இறைச்சி மூச்சுநோய் முதலியவற்றைப் போக்கும் என்னும் நம்பிக்கை மக்களிடையே உண்டு. அதற்கு மருத்துவ ஆதாரம் யாதும் இல்லை. குகையில் தங்கும் உயிர்க்கு வேட்டையால் வரும் கேடு பெரிது. மரத்திற் சிதறித் தொங்குவனவற்றுள் சில தப்பும். குகையின் வாயிலை வலையால் மறைத்தாலோ கூட்டம் முழுவதும் ஒரே இரவில் அழியும். வேட்டையாடாமல் தீவர்த்தியுடன் உட்புகுந்தாலும், அஞ்சிப் பறக்கும் தாயினின்று பால்குடி மாறாத குட்டி கீழே விழுந்து மாயும். பழவௌவால்கள் பொதுவாக ஒரு பேற்றில் ஒரு குட்டியே ஈனுவன. ஆதலின் ஒருமுறை குறைந்த தொகை மீண்டும் பெருகுதல் எளிதன்று.

மூன்றாவது, சட்டத்தால் நேர்ந்த இடர். 1972ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, தீங்குயிர் என்று கருதித் தடையின்றிக் கொல்லத்தக்கவற்றை வரிசைப்படுத்தியது. காக்கை, எலி, சுண்டெலி ஆகியவற்றோடு பழவௌவால்களும் அவ்வரிசையில் இடம்பெற்றன. தொங்லோங்யா இவ்வுயிர்க்குப் பெயரிட்டதும் அதே 1972ஆம் ஆண்டிலன்றோ? அறிவியல் இதனை அரிய உயிரென உலகிற்கு அறிவித்த ஆண்டிலேயே, சட்டம் இதனை எலியோடு ஒருங்கு வைத்து எண்ணியது. ஓராண்டிற் பன்முறை பல குட்டிகளை ஈனும் எலியையும், ஒரு குட்டியை மார்பில் தாங்கிப் பறக்கும் வௌவாலையும் ஒரு நிறையில் வைத்தது முறையாமோ? பின்னர் இவ்விழுக்கு உணரப்பட்டு, இவ்வோர் இனம் மட்டும் உயர்ந்த பாதுகாப்புடைய முதலாம் அட்டவணைக்கு மாற்றப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தீங்குயிர் அட்டவணையையே நீக்கிவிட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவ்வினத்தை அழியும் இடருக்கு உள்ளான உயிர்களுள் ஒன்றாக வகுத்துள்ளது. மேகமலைக் காடும், 2021ஆம் ஆண்டில், திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. புலியின் பொருட்டுக் காக்கப்படும் காட்டில் வாவலுக்கும் இடம் உண்டு என்பது நமக்கு ஆறுதல் தருவதாகும்.

நான்காவது, அச்சம். 1998, 1999ஆம் ஆண்டுகளில் மலேசியாவிலும், 2018ஆம் ஆண்டில் கேரளத்திலும் நிப்பா என்னும் கொடுநோய் தோன்றிப் பலர் மாண்டனர். அந்நோயின் நுண்கிருமி பெரும்பழந்தின்னி வௌவால்களிடத்து உறைவதென்று ஆய்வாளர் கண்டனர். இவ்வுண்மையை மறைத்தல் தகாது. வௌவால் கடித்த பழத்தை உண்ணாமையும், பதநீர் வடியும் கலயங்களை மூடிவைத்தலும், நோயுற்ற வௌவாலைக் கையாற் றொடாமையும் அறிவுடையார் செயலாகும். ஆனால் அச்சத்தால் மரங்களை வெட்டுதலும் கூட்டங்களை வெடிவைத்து விரட்டுதலும் அறிவுடைமையாகா. ஒரு மரத்தில் ஒதுங்கியிருந்த கூட்டம் சிதறுண்டு பல ஊர்களுக்குப் பரவுதலே அதனால் விளையும். காட்டில் உணவின்றி ஊர்ப்புறம் வரும் வௌவாலைத் தடுக்கும் வழி, காட்டில் அதற்கு உணவிருக்கச் செய்தலே.

பழத்தோட்டம் உடையார், ‘எம் மாவையும் கொய்யாவையும் தின்றழிக்கும் உயிரை ஏன் காத்தல் வேண்டும்?’ என வினவக்கூடும். அவர்தம் இழப்பும் எண்ணத்தக்கதே. சந்தைக்குச் செல்லும் காயை முதிர்ந்தவுடன் பறித்துவிடுதலும், பழுக்கும் மரத்தின்மீது சிறகு சிக்காத வகையில் வலை போர்த்துதலும் அவ்விழப்பைக் குறைக்கும். ஆனால் அக்குற்றம் ஊர்ப்புறத்துப் பழவௌவால்மேற் சாருமேயன்றி, காட்டுக்குகையில் உறைந்து காட்டுப்பழம் உண்ணும் மேகமலை வாவல்மேற் சாராது. வேறொன்றன் பெயரைச் சுமந்து பெட்டியுட் கிடந்த உயிர், வேறொன்றன் பழியைச் சுமந்து காட்டினுள் மாயலாகாது.

அங்ஙனமாயின் செய்யத்தக்கன யாவை? இவ்வினம் தங்கும் குகைகளைக் கண்டறிந்து, குட்டி ஈனும் காலத்தில் அவற்றுள் எவரும் புகாதவாறு காத்தல் வேண்டும். தோட்டமுடையார் ஓடைக்கரைகளிலுள்ள காட்டை வெட்டாது விட்டு, நிழலுக்கு அத்தி முதலிய அந்நிலத்து மரங்களையே பேணுதல் வேண்டும். மலைவாழ் மக்களையும் தோட்டத்தொழிலாளரையும் பகைவராகக் கருதாது, குகைகளின் காவலராக ஆக்கிக் கொள்ளுதல் வேண்டும். அவர் அறியாத பாறையிடுக்கு அம்மலையில் இல்லையன்றோ? தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில், வௌவால் தொங்கும் ஆலமரத்தருகே தீபாவளி நாளிலும் வெடி கொளுத்தாது காத்துவரும் வழக்கம் இன்றும் உள்ளது. சட்டம் அவ்வுயிர்களைத் தீங்குயிரென்ற காலத்தும் அவ்வூரார் அவற்றைத் தம் ஊரவராகவே கொண்டனர். நகரத்துக் கற்றவர் அவர்பாற் கற்கவேண்டுவது மிகவுண்டு.

இவற்றுக்கெல்லாம் முற்பட, நாம் பெயரறிதல் வேண்டும். எல்லாவற்றையும் ‘வௌவால்’ என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டால், எங்கும் உள்ளதும் எங்கோ உள்ளதும் நமக்கு ஒன்றாகிவிடும். எங்கும் உள்ளதென்று எண்ணப்படும் ஒன்று அழிவதை எவரும் கவனியார். தவறான பெயர்ச்சீட்டு இருபதாண்டுக் காலம் ஓர் இனத்தையே மறைத்தது என்னும் வரலாறு நமக்கு அறிவுறுத்துவது இதுவே. சொற்பொருளை ஆராயும் தமிழ் மாணவர்க்கும் உயிர்களை ஆராயும் விஞ்ஞான மாணவர்க்கும் இவ்விடத்தே தொழில் ஒன்றாகின்றது. காடுகளில் வழங்கும் மரப்பெயர்களையும் விலங்குப்பெயர்களையும் அந்நிலத்து மக்கள் வாய்மொழியாகக் கேட்டுத் தொகுத்தல் நம்மனோர் இன்றே தொடங்கத்தக்க நற்பணியாகும்.

மனிதனைத் தோட்டத்தில் வைத்த ஆண்டவன் அவனிடத்து உழவையும் காவலையும் ஒருங்கே ஒப்புவித்தான் என்று ஆதியாகமம் கூறும். உழவை நாம் மிகச் செய்துவிட்டோம். மலையுச்சி வரை தேயிலை நட்டோம். எஞ்சி நிற்பது காவல் ஒன்றே. சங்கப் புலவர் கண்ட வாவல் காட்டு நெல்லியைக் கனவிலாவது சுவைத்தது. கனவு காண்பதற்கும் அக்காடு ஒருகாலத்து இருந்திருத்தல் வேண்டும். மேகமலை வாவலுக்கு அதன் காட்டை நனவிலேயே நிலைபெறச் செய்தல் நம் கடன்.